நூறு வருஷம் தாண்டிய டிபன் கடை: எம்டிஆர் தாக்குப்பிடித்தது எப்படி? தென்னேரி டிபன் கடைக்கு அதில் என்ன பாடம்?

காலை ஆறு மணி. காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரி மாதிரி ஊர்களில் டிபன் கடைக்காரர்களுக்கு அது பாதி நாள் முடிந்த நேரம். முதல் ஈடு இட்லி இறங்கியிருக்கும். சட்னி அரைத்தாகியிருக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ் வருவதற்குள் நாலு இட்லியை முடித்துவிட்டு ஓடுவார்கள். கல்லாவில் அப்பா, கொப்பரை பக்கத்தில் அம்மா, பார்சல் கட்டுவது பிள்ளைகளில் ஒருவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷட்டர் இறங்கிவிடும்.

பல ஊர்களில் இப்படிப்பட்ட கடைகள் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடுகின்றன. சிலிண்டர் விலை ஏறுகிறது, உளுந்து விலை ஏறுகிறது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். ஒருநாள் ஷட்டர் இறங்கியது இறங்கியதுதான்.

ஆனால் பெங்களூருவில் ஒரு குடும்ப டிபன் கடை 1924-ல் திறந்து, 2024-ல் நூறு ஆண்டைத் தொட்டது. இன்றைக்கும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. அதன் பெயர் மாவள்ளி டிபன் ரூம்ஸ். சுருக்கமாக எம்டிஆர். உலகப்போர், அரிசிப் பஞ்சம், நெருக்கடி நிலை என எல்லாவற்றையும் பார்த்த கடை. நடுவில் ஒருமுறை மூடவும் செய்தது. அது எப்படித் திரும்பி வந்தது? சின்ன ஊர் டிபன் கடைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது?

கர்நாடகாவின் உடுப்பி பக்கத்தில் பரம்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கிருந்து பிழைப்புக்காக பெங்களூரு வந்தவர்கள் பரமேஸ்வர மையா, கணப்பய்யா மையா, யக்ஞநாராயண மையா என்ற மூன்று சகோதரர்கள். ஆரம்பத்தில் பெரிய வீடுகளில் சமையல் வேலை. சமையல் தெரியும், கையில் பெரிய முதல் கிடையாது. உடுப்பிப் பக்கமிருந்து சென்னை, மும்பை, பெங்களூரு என்று கிளம்பிப் போய் ஹோட்டல் வைத்த பலருடைய கதையும் இதுதான்.

1924-ல் லால்பாக் சாலையில் ஒரு சின்னக் கடை போட்டார்கள். காபியும் இட்லியும்தான் முக்கியம். அப்போது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. 1960-ல்தான் இப்போது இருக்கும் இடத்துக்கு மாறி 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மாவள்ளி என்பது அந்தப் பகுதியின் பெயர்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பெரிய ஹோட்டல் கட்டும் திட்டத்தோடு அவர்கள் தொடங்கவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவனுக்குச் சுத்தமான டிபன், சூடான காபி. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள்.

அரிசி இல்லை, அப்போ இட்லி?

முதல் சோதனை இரண்டாம் உலகப்போரில் வந்தது. அந்தக் காலத்தில் தென்னிந்தியா பர்மா அரிசியைப் பெரிய அளவில் நம்பியிருந்தது. 1942-ல் ஜப்பான் ராணுவம் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி வரத்து நின்றது. அரிசி கிடைப்பதே கஷ்டம். இட்லிக் கடைக்கு அரிசி இல்லையென்றால் என்ன செய்வது?

அப்போது எம்டிஆர் சமையலறையில் ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தார்கள். அதுதான் ரவா இட்லி. இன்று தென்னிந்தியா முழுக்க மெனுவில் இருக்கும் இந்தப் பண்டம் தங்கள் அடுப்பில் பிறந்தது என்று எம்டிஆர் சொல்கிறது.

இதில் சமையல் தாண்டிய ஒரு கணக்கும் இருக்கிறது. சாதா இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, அரைத்து, இரவு முழுக்கப் புளிக்கவைக்க வேண்டும். ரவா இட்லிக்கு அது தேவையில்லை. ரவையை நெய்யில் வறுத்து, தாளித்து, தயிர் விட்டுக் கலந்து, சோடா உப்பு சேர்த்து ஆவியில் வைத்தால் போதும். அரிசி மிச்சம், அரைக்கும் வேலை மிச்சம், காத்திருக்கும் நேரமும் மிச்சம். தட்டுப்பாட்டுக்காகச் செய்த மாற்றுப் பண்டம், தட்டுப்பாடு போன பிறகும் கடையின் அடையாளமாகவே நின்றுவிட்டது.

சமையலறையை வந்து பாருங்க!

1951-ல் யக்ஞநாராயண மையா ஐரோப்பா போனார். அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்ப்பதுதான் நோக்கம். திரும்பி வந்ததும் அவர் கை வைத்தது சுத்தத்தில். பாத்திரங்களையும் தட்டு டம்ளர்களையும் நீராவியில் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிபன் கடையில் இது பெரிய விஷயம்.

சமையலறையை வாடிக்கையாளர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்ற வழக்கமும் எம்டிஆரின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுவது. சாப்பிட வந்தவர் அடுப்படியைத் தாண்டித்தான் மேசைக்குப் போக வேண்டும் என்றால், அந்த அடுப்படி எந்நேரமும் சுத்தமாக இருந்தே ஆகணும். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் துடைத்து வைத்தால் போதாது. இதற்குப் பெரிய செலவும் கிடையாது.

1975: கடையை மூட வைத்த விலை

பெரிய அடி 1975-ல் விழுந்தது. அந்த ஆண்டு ஜூன் 25-ம் தேதி நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விலைவாசியைக் கட்டுக்குள் கொண்டுவர எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, ஹோட்டல் பண்டங்களுக்கு மிகக் குறைந்த விலையை நிர்ணயித்தது. மக்களுக்கு மலிவாகச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் நல்ல நெய், நல்ல பருப்பு, நல்ல காபிக்கொட்டை வாங்கிச் சமைக்கும் கடைக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை.

அந்த இடத்தில் எம்டிஆர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, விலைக்கு ஏற்றபடி தரத்தைக் குறைப்பது. நெய்க்குப் பதில் மலிவான கொழுப்பு, காபியில் கொஞ்சம் அதிகமாக சிக்கரி. இரண்டு, நஷ்டத்திலேயே ஓட்டுவது. மூன்று, தரத்தைக் குறைக்காமல் கடையை நிறுத்துவது.

எம்டிஆர் மூன்றாவது வழிக்குப் போனது. அரை நூற்றாண்டுப் பெயரோடு ஓடிக்கொண்டிருந்த கடை மூடப்பட்டது.

ஆனால் ஆட்கள்? வருஷக்கணக்காக வேலை பார்த்த சமையல்காரர்கள், சப்ளையர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடையில் செய்து பரிமாறியதை, வீட்டில் செய்துகொள்ளும் கலவையாக்கி பாக்கெட்டில் விற்பது. ரவா இட்லி மிக்ஸ் போன்றவை இப்படித்தான் வந்தன. ஹோட்டல் இட்லிக்குத்தான் விலைக்கட்டுப்பாடு. பாக்கெட் கலவை வேறு வியாபாரம். அடுப்பு அணைந்தாலும் வேலை நிற்கவில்லை.

நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் விலக்கிக்கொள்ளப்பட்டது. உணவகமும் பிற்பாடு மறுபடியும் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள். தரம் குறைந்து ஓடிய கடையாக அவர்கள் எம்டிஆரைப் பார்த்ததே இல்லை என்பதுதான் இதில் முக்கியம்.

ஒரே குடும்பம், இரண்டு வியாபாரம்

கஷ்டகாலத்தில் பிறந்த பாக்கெட் வியாபாரம் போகப் போக உணவகத்தையே தாண்டி வளர்ந்தது. மசாலாப் பொடி, ரெடி மிக்ஸ், சூடு பண்ணிச் சாப்பிடும் உணவு என்று எம்டிஆர் ஃபுட்ஸ் பெரிய நிறுவனமானது. சதானந்த மையா அதை நடத்தினார். 2007-ல் நார்வே நாட்டின் ஓர்க்லா நிறுவனம் அதை வாங்கியது. விலை சுமார் 8 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். மளிகைக் கடையில் வாங்கும் எம்டிஆர் பாக்கெட் நார்வே நிறுவனத்துடையது. லால்பாக் சாலை உணவகம் விற்கப்படவில்லை. அது மையா குடும்பத்திடமே இருக்கிறது. ஹரிச்சந்திர மையாவுக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் ஹேமமாலினி, விக்ரம், அரவிந்த் அதை நடத்துகிறார்கள். பெங்களூருவில் கிளைகள் வந்தன. சிங்கப்பூரிலும் ஒரு கிளை திறந்தார்கள். சதானந்த மையா பின்னர் 'மையாஸ்' என்ற பெயரில் தனியாகத் தொழில் தொடங்கினார்.

ஒரு வியாபாரம் நல்ல விலைக்குக் கைமாறியது. இன்னொன்று வீட்டுக்குள்ளேயே நின்றது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்ததால்தான், ஒன்றை விற்றபோது மற்றொன்று தப்பித்தது.

நேரம் பார்த்துத் திறந்து மூடுவது ஏன்?

பழைய டிபன் கடைகள் பலவற்றுக்கும் ஒரு பொதுவான பழக்கம் உண்டு. எந்நேரமும் திறந்திருக்காது. காலை டிபனுக்கு ஒரு நேரம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நேரம். நடுவில் கதவு சாத்தியிருக்கும். எம்டிஆரும் அப்படித்தான்: வேளைக்கு வேளை இடைவெளி உண்டு. மதியத்தில் தேர்ந்தெடுக்க நீளமான மெனு இருக்காது. வரிசையாகப் பரிமாறும் முழுச் சாப்பாடுதான். அதற்கும் காத்திருந்துதான் உட்கார வேண்டும்.

இது திமிர் என்று சிலருக்குத் தோன்றும். உண்மையில் இது மாவின் கணக்கு.

இட்லி மாவை முந்தின நாள் சாயங்காலம் அரைத்து வைத்தால், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கி வரும். மாவில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. காலையில் அது சரியான பக்குவத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற புளிப்பு கூடும். மதியத்துக்கு மேல் மிச்ச மாவு தோசைக்கோ ஊத்தப்பத்துக்கோதான் ஆகும். அதனால், எவ்வளவு விற்குமோ அவ்வளவு அரைப்பதுதான் லாபம். 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லும் கடையில் வீணாவது குறைவு.

அடுத்தது நாற்காலிக் கணக்கு. ஒரு கடையில் 12 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிபன் சாப்பிட ஒருவருக்கு 15 நிமிஷம் போதும். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 48 பேர். ஆறரை முதல் ஒன்பதரை வரை, மூன்று மணி நேரத்தில் 144 பேர். இதே கடையில் ராத்திரி ஆற அமர உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சாப்பிட்டால், ஒரு மணி நேரத்துக்கு 16 பேர்தான். சின்ன இடத்தில் பெரிய வியாபாரம் காலையில்தான் நடக்கும்.

மூன்றாவது, ஆள் கணக்கு. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்கும் குடும்பம் ராத்திரி பதினொரு மணி வரை கடையில் நிற்க முடியாது. ராத்திரியும் திறந்தால் இன்னொரு மாஸ்டர், இன்னொரு ஷிப்ட், கல்லாவில் வேறொரு ஆள் வேண்டும். செலவும் கூடும், கண்காணிப்பும் குறையும். ருசி மாறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சென்னையில் பார்த்த கதைகள்

இதே பழக்கத்தைச் சென்னையிலும் பார்க்கலாம். மயிலாப்பூர் கச்சேரி சாலை அருகே ஒரு சந்தில் இருக்கிறது ராயர் மெஸ். சில மேசைகள்தான். பல தலைமுறையாக ஒரே குடும்பம். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், அவ்வளவுதான். இட்லி, வடை, பொங்கல், கெட்டிச் சட்னி என்று மெனுவும் சின்னது. வெளியே நின்று காத்திருப்பவர்கள் கூட்டம் மட்டும் பெரியது.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-ல் தொடங்கியது. ஆரம்பித்தவர் வடக்கே மதுராவிலிருந்து வந்த ஜெகதீஷ் லால் குப்தா. வடநாட்டுக்காரர் தொடங்கிய கடைக்கு சாம்பார் இட்லி பேர் வாங்கித் தந்தது. இட்லியை சாம்பாரில் மிதக்கவிட்டுச் சாப்பிடுவதற்கென்றே அங்கே வருகிறவர்கள் உண்டு. ஒரு கடைக்கு ஒரு பண்டம் போதும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் ருசியும் கூட்டமும் இருந்தால் மட்டும் கடை நிற்குமா? நிற்காது. கதீட்ரல் சாலையில் 1962-ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அதற்கு உதாரணம். மரத்தடியில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே தோசையும் காபியும் வரவழைத்துச் சாப்பிடலாம். சினிமாக்காரர்கள், எழுத்தாளர்கள், கல்லூரி மாணவர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவே இல்லை. 2008-ல் அது மூடப்பட்டது. காரணம் இட்லியோ தோசையோ இல்லை, நிலம். இடம் அரசின் கைக்குப் போனது. இன்று அங்கே இருப்பது 2010-ல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா.

ஆக, ஒரு உணவகத்தின் ஆயுளை அடுப்பு பாதி தீர்மானிக்கிறது. மீதியை அது நிற்கிற மண் தீர்மானிக்கிறது. ரோடு ஓரப் புறம்போக்கில் ஷீட் போட்டு ஓடுகிற கடைக்கும், வாய்வழி வாடகையில் ஓடுகிற கடைக்கும் இதே ஆபத்துதான். ரோடு அகலப்படுத்தும் நாள் வரைக்கும்தான் அந்தக் கடைக்கு உத்தரவாதம்.

தென்னேரி கடைக்கு இதில் என்ன?

1975-ல் எம்டிஆருக்கு அரசு விலை நிர்ணயித்தது. இன்று ஊர் டிபன் கடைக்கு வாடிக்கையாளரே விலை நிர்ணயிக்கிறார். "போன மாசம் வரைக்கும் அந்த ரேட்டுதானே, இப்ப என்ன ஏத்திட்டீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். தினமும் பார்க்கிற முகம், உறவுமுறை வைத்துக் கூப்பிடுகிற ஆள். ஒரு ரூபாய் ஏற்ற மனசு வராது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கடையில் தினம் 300 இட்லி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடக்கவிலை இட்லிக்கு 50 பைசா ஏறினால், ஒரு நாளைக்கு 150 ரூபாய், மாதத்துக்கு 4,500 ரூபாய். யாருக்கும் தெரியாமல் அது குடும்பத்தின் கையிலிருந்து போகிறது. அதோடு வரி விஷயமும் உண்டு. 2017 நவம்பர் முதல் சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் சிலிண்டர், மளிகை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சின்னக் கடைக்கும் இதே கதிதான்: வாங்கும் பொருளில் கட்டிய வரி திரும்பி வராது.

அப்போதும் வழிகள் அதே மூன்றுதான். தரத்தைக் குறைப்பது, நஷ்டத்தில் ஓட்டுவது, நிறுத்துவது. உளுந்தைக் குறைத்து, இட்லியைச் சின்னதாக்கி, சாம்பாரில் தண்ணி விட்டால் அந்த மாதம் சமாளிக்கலாம். அடுத்த மாதம் ஆள் குறையும். ஒருமுறை 'அங்க இப்ப முன்ன மாதிரி இல்லப்பா' என்று பேச்சு வந்துவிட்டால், அதைத் துடைக்க வருஷங்கள் ஆகும்.

எம்டிஆர் கண்டுபிடித்த நான்காவது வழி, பல ஊர்க் கடைகளுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றுதான்: மாவு விற்பது. கடைக்கு அரைக்கும்போது இன்னும் நாலு படி சேர்த்து அரைத்தால், சாயங்காலம் வீடுகளுக்கு மாவாக விற்கலாம். கிரைண்டர் அதே, ஆள் அதே. ஒரு ஈடு கூடுதலாக வேக வைக்க சிலிண்டர் செலவு கிடையாது. தட்டு கழுவும் வேலை கிடையாது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் அதிகமுள்ள ஊரில் மாவுக்குத் தேவையும் அதிகம். இட்லிப் பொடி, சாம்பார் பொடியும் அப்படித்தான். பாக்கெட் போட்டு விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, தயாரித்த தேதி, எடை ஆகியவற்றைச் சரியாக வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பாடம் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேக வைப்பார்கள். அந்தப் பண்டத்துக்கு ஊரின் பெயரே பெயர். எந்த ஊர்க் கடைக்கும் இப்படிச் சொந்தமாக ஒன்று இருந்தால், பக்கத்தில் புதுக்கடை வந்தாலும் பயமில்லை.

கல்லாவில் அடுத்து யார்?

கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்கும் வேலை. ஞாயிறு கிடையாது, பொங்கல் தீபாவளிக்கும் பாதி நாள்தான் லீவு. பக்கத்திலேயே பிஎஃப், இஎஸ்ஐ, மாசச் சம்பளம் என்று தொழிற்சாலை வேலை இருக்கும்போது, பிள்ளைகள் ஏன் கொப்பரை பக்கம் வரணும்? படிக்க வைத்ததே அதற்காகத்தானே என்று பெற்றோரே சொல்கிறார்கள். அதில் தப்பும் இல்லை.

மையா குடும்பத்தில் அடுத்த தலைமுறை வந்ததற்குப் பாசம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. அவர்கள் கைக்கு வந்தபோது கடைக்கு நல்ல பேர் இருந்தது, ஒழுங்கான நேரம் இருந்தது, வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் இருந்தது. வாரிசு வரவேண்டும் என்றால், வருகிறவர் மூச்சு விடுவதற்கு இடம் இருக்க வேண்டும். வாரம் ஒருநாள் ஷட்டரை இறக்குவது, குடும்பத்து ஆளுக்கும் மாசச் சம்பளம் என்று தனியாக எடுத்து வைப்பது, வரவு செலவை நோட்டிலாவது எழுதுவது, இடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுவது. இதற்கெல்லாம் பெங்களூரு போக வேண்டியதில்லை.

நூறு வருஷக் கடையின் ரகசியம் ஏதோ மசாலாவில் இருக்கும் என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். எம்டிஆர் கதையைப் பார்த்தால், அரிசி இல்லாதபோது ரவைக்கு மாறினார்கள், விலை கட்டுப்படியாகாதபோது கடையை நிறுத்தினார்கள், கடை நின்றபோது மாவை விற்றார்கள். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டது விற்கும் பொருளை. கைவைக்காமல் விட்டது தரத்தை.

மதியம் இரண்டரை மணிக்கு ஏதோ ஒரு ஊரில் ஒரு டிபன் கடை ஷட்டர் இறங்கும்போது, 'இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கக் கூடாதா?' என்று தோன்றலாம். உள்ளே நாளைக்கு அரைக்க வேண்டிய அரிசி ஊறிக்கொண்டிருக்கும்.